பத்துப் பேரும் ஒரு ஹைன்கலும்: பேனமுண்டேயிலிருந்து தப்பிய விமானம்

1945 பிப்ரவரி 8, வியாழக்கிழமை மதியம். பால்டிக் கடலோரம் உசெடோம் தீவு. அதன் வடமுனையில் ஜெர்மானியர்களின் பேனமுண்டே சோதனை நிலையம். விமானதளத்து ஆட்கள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், பத்து சோவியத் கைதிகள் தங்களுக்குக் காவலாக வந்தவனைக் கொன்றார்கள். அங்கே நிறுத்தியிருந்த ஹைன்கல் 111 ரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்றைக் கிளப்பிக்கொண்டு பறந்துபோனார்கள். 300 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே பறந்து, சோவியத் படை நின்ற பகுதியில் வயிறு தரையில் உரச வந்து இறங்கினார்கள். பத்துப் பேரும் உயிரோடு இருந்தார்கள்.

ஓட்டியவர் மிகைல் பெத்ரோவிச் தெவ்யத்தாயெவ். வயது 27. சோவியத் விமானப்படையில் சண்டை விமானம் ஓட்டியவர். இரட்டை எஞ்சின் ஹைன்கலை அதற்கு முன் ஒரு முறைகூட ஓட்டியதில்லை. உள்ளே கருவிகளின் மேல் இருந்த எழுத்தெல்லாம் ஜெர்மன். ஏழு மாத முகாம் வாழ்க்கையில் உடம்பு சுமார் 40 கிலோவுக்கு இறங்கியிருந்தது.

போர்க்கைதிகள் தப்பித்த சம்பவங்களைத் தேடிப் படிப்பது எனக்கு வெகுநாள் பழக்கம். சுரங்கம் தோண்டுவார்கள், கம்பிவேலியை வெட்டுவார்கள், மாறுவேடம் போடுவார்கள். வேலியைத் தாண்டிவிட்டால் அப்புறம் ஓடலாம், ஒளியலாம், ஒரு மரத்தடியில் நின்று மூச்சு வாங்கலாம். பேனமுண்டேயில் அதற்கெல்லாம் இடமே இல்லை. காவலன் விழுந்த நிமிடத்திலிருந்து விமானம் தரையை விட்டு எழும்பும் வரை, எந்த ஒரு சின்ன விஷயம் பிசகினாலும் பத்துப் பேருக்கும் மரணம்தான். உண்மையில் நிறையவே பிசகியது. அப்படியும் எழும்பினார்கள்.

இந்த நிகழ்வைப் பெரும்பாலும் தெவ்யத்தாயெவ் என்ற ஒற்றை மனிதரின் சாகசமாகவே எழுதுகிறார்கள். அவருடைய துணிச்சலில் எனக்குத் துளியும் சந்தேகம் கிடையாது. ஆனால் நடந்ததைப் படிப்படியாகப் பிரித்துப் பார்த்தால், அவர் மாட்டிக்கொண்ட ஒவ்வொரு இடத்திலும் வேறு ஒருவருடைய கை வந்து தூக்கிவிட்டிருப்பது தெரியும். அந்தக் கைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

பிடிபட்டது

தெவ்யத்தாயெவ் 1917 ஜூலை 8 அன்று, இன்றைய மொர்தோவியாவில் உள்ள தொர்பெயெவோ என்ற ஊரில் பிறந்தார். மோக்ஷா இனத்து ஏழை விவசாயக் குடும்பத்தில் 13ஆவது குழந்தை. கசான் நகரில் ஆற்றுப் போக்குவரத்துக் கல்லூரியில் படித்தார். கூடவே பறக்கும் கழகத்தில் சேர்ந்து விமானம் ஓட்டவும் பழகிக்கொண்டார். பிறகு ராணுவ விமானப் பள்ளி. 1941 ஜூனில் ஜெர்மனி படையெடுத்த நாள் முதல் களத்தில் இருந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் காலில் பலத்த காயம். அதன் பின்னர் மெதுவாகப் பறக்கும் சிறு விமானங்களில் இரவுக் குண்டுவீச்சு, காயம்பட்டவர்களை ஏற்றிச்செல்லும் வேலை என்று சில ஆண்டுகள் போயின. 1944இல் மீண்டும் சண்டை விமானத்துக்கு வந்தார். அந்தக் காலத்தில் சோவியத் நாடே கொண்டாடிய விமானி அலெக்சாந்தர் பொக்ரீஷ்கினின் பிரிவில் இடம் கிடைத்தது. ஓட்டியது அமெரிக்கா கொடுத்த ஐராகோப்ரா ரகச் சண்டை விமானம்.

1944 ஜூலை 13. லிவிவ் நகரைக் குறிவைத்த பெரிய தாக்குதல் தொடங்கிய நாள். வான்சண்டையில் அவருடைய விமானம் தீப்பிடித்தது. எரிகாயங்களோடு குதித்தபோது விமானத்தின் வால்பகுதி உடம்பில் மோதியது. பாராசூட் அவரைக் கீழே கொண்டுவந்து சேர்த்த இடம் ஜெர்மானியர் பகுதி. நினைவு திரும்பியபோது கைதி.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் பின்னால் வருவது புரியாது. 1941 ஆகஸ்டில் ஸ்டாலின் பிறப்பித்த 270ஆம் எண் ஆணை, சரணடையும் அதிகாரிகளைத் துரோகிகளாகக் கருதியது. அவர்களுடைய குடும்பத்தையும் கைது செய்யலாம் என்றது. ஆக, பிடிபட்ட சோவியத் அதிகாரிக்கு முன்னாலும் சுவர், பின்னாலும் சுவர். உயிரோடு ஊர் திரும்பினாலும் 'நீ எப்படி உயிரோடு இருக்கிறாய்?' என்ற கேள்வி அங்கே காத்திருக்கும்.

இறந்தவரின் பெயர்

முதலில் போலந்தின் லோட்ஸ் நகரத்து முகாம். பிறகு இன்னொரு முகாம். அங்கே தோழர்களோடு சேர்ந்து குடிசைக்கு அடியில் சுரங்கம் தோண்டினார். ஆகஸ்டில் அது வெளிப்பட்டுவிட்டது. தப்ப முயன்றவர்கள் என்ற முத்திரையோடு பெர்லினுக்கு வடக்கே உள்ள சாக்சன்ஹவுசன் வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். சட்டையில் தைத்த அடையாளமே அந்தக் கைதியின் விதியைச் சொல்லிவிடும். அவருடைய அடையாளத்துக்கு அர்த்தம் சாவு.

அவரைக் காப்பாற்றியது முகாமில் முடிவெட்டிய ஒருவர். அவரும் கைதிதான். அந்த நாட்களில் கீவ் நகரின் தார்னித்ஸா பகுதியைச் சேர்ந்த நிகிதென்கோ என்ற பள்ளி ஆசிரியர் முகாமில் இறந்துபோயிருந்தார். முடிவெட்டுபவர் இறந்தவரின் எண்ணை எடுத்து தெவ்யத்தாயெவிடம் கொடுத்து, இவருடைய எண்ணை அந்த உடலோடு சேர்த்துவிட்டார். பதிவேட்டில் விமானி செத்தார், வாத்தியார் பிழைத்தார்.

இந்தப் பெயர்மாற்றம் உயிரைக் காத்ததோடு நிற்கவில்லை. அதன் முழு பலன் பின்னால்தான் தெரிந்தது. தப்ப முயன்ற ஒரு சண்டை விமானியை, விமானங்கள் வரிசையாக நிற்கும் இடத்தில் வேலைக்கு விட எந்தக் காவல் அதிகாரியும் சம்மதிக்க மாட்டார். ஒரு சாதாரண ஆசிரியரைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. நிகிதென்கோ என்ற பெயரில் இருந்தவரைத்தான் உசெடோம் தீவுக்கு அனுப்பினார்கள். எனக்கு இந்த நிகழ்வில் மனதை மிகவும் தொடும் இடம் இதுதான். அந்த ஆசிரியருக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது. அவருடைய பெயர்தான் முதல் கதவைத் திறந்தது.

தீவும் விமானதளமும்

வி-1 என்ற ஆளில்லாப் பறக்கும் குண்டும் வி-2 என்ற ராக்கெட்டும் உருவான இடம் பேனமுண்டே. வி-2 ராக்கெட்டின் முதல் வெற்றிகரமான சோதனை 1942 அக்டோபர் 3 அன்று அங்கேதான் நடந்தது. 1943 ஆகஸ்ட் 17 இரவு பிரிட்டிஷ் விமானப்படை ஏறக்குறைய 600 குண்டுவீச்சு விமானங்களோடு வந்து அந்த இடத்தைத் தாக்கியது. அந்தக் குண்டுகளில் அங்கே கட்டாய வேலைக்குக் கொண்டுவரப்பட்டிருந்த வெளிநாட்டுத் தொழிலாளர்களும் ஏராளமாக இறந்தார்கள். அதன் பிறகு ராக்கெட் உற்பத்தியை நாட்டின் நடுவே நார்ட்ஹவுசன் பக்கத்துச் சுரங்கங்களுக்கு மாற்றினாலும், சோதனைகள் தீவில் தொடர்ந்தன.

பக்கத்துக் கார்ல்ஸ்ஹாகன் முகாமில் இருந்த கைதிகளுக்கு வேலை என்னவென்றால், குண்டு விழுந்த பள்ளங்களை நிரப்புவது, வெடிக்காத குண்டுகளைத் தோண்டி எடுப்பது, ஓடுபாதையில் பனியை அள்ளுவது, விமானங்களை மரக்கிளைகளால் மறைப்பது. பசியும் அடியும் தினப்படி.

தப்பிக்க நினைப்பவருக்கு அந்த இடம் ஒரு பொறி. சுற்றிலும் தண்ணீர். இவான் கிரிவனோகொவ் என்ற கைதியும் சில தோழர்களும் ஏற்கெனவே ஒரு திட்டம் வைத்திருந்தார்கள்: படகு ஒன்றைப் பிடித்துக் கடல்வழியாகப் போவது. தெவ்யத்தாயெவ் அது நடக்காது என்றார். பால்டிக் கடல், குளிர்காலம், ரோந்துப் படகுகள், பசியில் துடுப்புப் போட முடியாத கைகள். தான் ஒரு விமானி என்பதை அவர்களிடம் சொன்னார். அதைச் சொன்ன நிமிடத்தில் இறந்தவரின் பெயர் தந்த பாதுகாப்பை அவரே கழற்றி வைத்துவிட்டார். ஒருவர் ஒரு ரொட்டித் துண்டுக்காகக் காட்டிக்கொடுத்திருந்தால் அத்தோடு முடிந்தது. யாரும் காட்டிக்கொடுக்கவில்லை.

காலமும் கைகொடுத்தது. 1945 ஜனவரி 12 அன்று விஸ்துலா ஆற்றங்கரையில் தொடங்கிய சோவியத் படையெடுப்பு, மாத முடிவில் ஓடர் ஆற்றை எட்டிவிட்டது. ஆறு மாதம் முன்பு அதே விமானத்தை எடுத்திருந்தால் போர்முனையைத் தொடவே வெகுதூரம் பறக்க வேண்டியிருந்திருக்கும். பிப்ரவரியில் அது எட்டிப்பிடிக்கும் தூரம்.

ஓட்டத் தெரியாத விமானத்தைப் படித்தது

ஹைன்கல் 111 ஒன்றும் சின்ன விமானம் இல்லை. இறக்கையின் விரிவு 22 மீட்டருக்கு மேல், இரண்டு எஞ்சின், நான்கைந்து பேர் சேர்ந்து இயக்குவது. மூக்குப் பகுதி முழுக்கக் கண்ணாடிக் கூண்டு. ஒருவர் உட்கார்ந்த இடத்திலிருந்து எல்லாவற்றையும் எட்ட முடியாது. அதை வெளியே நின்று, மண்வெட்டியோடு, காவலன் பார்க்காத சமயம் பார்த்துப் படிக்க வேண்டும்.

தளத்தின் ஓரத்தில் அடிபட்ட, உடைந்த விமானங்களைப் போட்டு வைத்திருந்தார்கள். அந்தக் குப்பைமேட்டுப் பக்கம் வேலைக்குப் போன தோழர்கள், கருவிப் பலகையில் பதித்திருந்த சின்னச்சின்னப் பெயர்த்தகடுகளைப் பிய்த்து ஒளித்துக் கொண்டுவந்தார்கள். இரவில் அவற்றை வைத்துக்கொண்டு எந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம், எந்தக் கருவி எதற்கு என்று அவர் மனதில் ஏற்றிக்கொண்டார். பகலில் ஜெர்மன் விமானிகள் எஞ்சினைச் சூடேற்றும்போது கவனித்தார். எது முதலில், எது அடுத்து, எந்த ஒலிக்குப் பிறகு எது. ஒரு முறை பனி அள்ளிக்கொண்டிருந்தபோது, உள்ளே இருந்த விமானி தன்னை ஒரு கைதி வேடிக்கை பார்ப்பதைக் கண்டு, பெருமையாக ஒவ்வொரு அசைவையும் காட்டிக்காட்டி எஞ்சினைக் கிளப்பியதாக தெவ்யத்தாயெவ் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

இப்படி அவருக்குக் கிளப்பும் பாடம் ஓரளவு முழுமையாகக் கிடைத்தது. தரையிலிருந்து பார்த்தால் தெரியாத ஒரு பாடம் மட்டும் விடுபட்டுப் போனது. அதற்கு வருகிறேன்.

நாள் குறித்ததில் இன்னொரு நெருக்கடியும் இருந்தது. முகாமில் அட்டகாசம் செய்த ஒருவனை அவர் அடித்துவிட்டார். அதற்கான தண்டனைக்குக் கைதிகள் வைத்த பெயர் 'பத்து நாள் ஆயுசு'. தினமும் அடிப்பார்கள், பத்தாம் நாளுக்கு மேல் ஆள் தாங்கக் கூடாது. அந்தக் கணக்கில் நாட்கள் கரைந்துகொண்டிருந்தன. நல்ல வாய்ப்பு வரட்டும் என்று காத்திருக்க அவருக்கு நேரம் இல்லை.

அந்த மதியம்

பத்துப் பேர் கொண்ட வேலைக்குழு. தெவ்யத்தாயெவ், கிரிவனோகொவ், விளாதிமிர் சொக்கலோவ், விளாதிமிர் நெம்சென்கோ, ஃபியோதர் ஆதமோவ், இவான் ஒலெய்னிக், மிகைல் யெமெத்ஸ், பியோத்தர் குத்தேர்கின், நிக்கொலாய் உர்பனோவிச், செர்துகோவ். திட்டம் இவர்கள் எல்லாருக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்கவில்லை. சிலருக்குக் காவலன் விழுந்தபோதுதான் என்ன நடக்கிறதென்றே புரிந்தது.

பன்னிரண்டு மணி. ஓடுபாதைப் பக்கம் ஆள் நடமாட்டம் குறைந்தது. குளிருக்கு நெருப்பு மூட்டியிருந்தார்கள். கிரிவனோகொவ் இரும்புக் கம்பியால் காவலனின் தலையில் அடித்தார். குத்தேர்கின் இறந்தவனின் மேலங்கியையும் தொப்பியையும் மாட்டிக்கொண்டு, துப்பாக்கியோடு காவலனாக மாறினார். தூரத்திலிருந்து யார் பார்த்தாலும், ஒரு காவலன் கைதிகளை வேலைக்கு ஓட்டிப்போகிறான், அவ்வளவுதான். இந்த ஒரு காரியத்தைச் செய்யாமல் இருந்திருந்தால் பத்துப் பேரும் அந்தத் திறந்தவெளியை நடந்து கடந்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

விமானத்தின் கதவு பூட்டியிருந்தது. அடித்து உடைத்துத்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. எஞ்சின்களின் மேல் போட்டிருந்த உறைகளைத் தோழர்கள் அவிழ்த்தார்கள். தெவ்யத்தாயெவ் இருக்கையில் உட்கார்ந்து, இத்தனை நாள் மனப்பாடம் செய்ததை வரிசையாகச் செய்தார். எதுவும் அசையவில்லை. ஒரு விளக்கும் எரியவில்லை.

பேட்டரி இல்லை.

இந்த இடத்தை வாசிக்கும்போது எத்தனை தடவை படித்திருந்தாலும் எனக்கு வயிற்றைப் பிசையும். கடைசிச் சில நிமிடங்கள். சாப்பிடப் போனவர்கள் திரும்பிக்கொண்டிருப்பார்கள். பேட்டரி இல்லாத விமானம் வெறும் தகரம். தோழர்கள் ஓடித் தேடி, தரையிலிருந்து எஞ்சினைக் கிளப்பப் பயன்படும் பேட்டரி வண்டி ஒன்றைக் கண்டுபிடித்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பசியில் நடக்கவே தள்ளாடியவர்கள் தள்ளிய வண்டி அது. இணைத்ததும் ஊசிகள் அசைந்தன. ஒரு எஞ்சின், பிறகு மற்றொன்று.

வால் ஏன் எழும்பவில்லை

ஓடுபாதைக்கு வந்து முழு வேகத்தில் விட்டார். விமானம் ஓடியது, ஆனால் தரையை விடவில்லை. முன்னால் கடல்.

அந்தக் காலத்து ஹைன்கலுக்கு முன்னால் இரண்டு பெரிய சக்கரம், வாலுக்கு அடியில் ஒரு சின்னச் சக்கரம். நிற்கும்போது வால் தரையில் கிடக்கும், மூக்கு வானத்தைப் பார்த்திருக்கும். ஓடத் தொடங்கியதும் முதலில் வால் மேலே வர வேண்டும். உடம்பு நேரானால்தான் காற்றைக் கிழித்து வேகம் பிடிக்கும். அதற்கு விமானி தன் கையில் பிடித்திருக்கும் சுக்கானை முன்னால் தள்ளுவார். தள்ளினார். கல்லாக நின்றது. அவர் கடைசியாகப் போரில் ஓட்டிய ஐராகோப்ராவில் சின்னச் சக்கரம் மூக்குக்கு அடியில். அதில் வாலைத் தூக்கும் வேலையே இல்லை.

காரணம் டிரிம். வாலில் கிடையாக இருந்து, மூக்கை ஏற்றி இறக்கும் பலகையை எந்த நிலையில் இருத்தி வைப்பது என்பதை முடிவுசெய்யும் சிறு தகடு அது. உள்ளே ஒரு கைச்சக்கரத்தைத் திருப்பி அதைச் சரிசெய்வார்கள். மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு இது எளிதில் புரியும். வண்டியில் பாரம் பின்னால் அதிகமாகிவிட்டால் நுகத்தடி மேலே தூக்கும், மாட்டின் கழுத்துக்கயிறு இறுக்கும். வண்டிக்காரர் மூட்டையை முன்னுக்கு நகர்த்துவார், இல்லை தானே முன்னால் வந்து உட்கார்ந்து முன்பாரம் கொடுப்பார். விமானத்தில் மூட்டையை நகர்த்த முடியாது. டிரிம் அந்த வேலையைச் செய்கிறது. கடைசியாக அந்த ஹைன்கலை இறக்கிய விமானி, தரையிறங்கும்போது மூக்கைத் தூக்கிவைக்கத் தேவையான நிலையில் டிரிமை விட்டுவிட்டுப் போயிருந்தார். அதாவது பின்பாரம் ஏற்றிய வண்டி. அந்த நிலையில் ஒரு மனிதனின் கைகளால் வாலைத் தூக்கவே முடியாது. பசித்த மனிதன் எனும்போது கேட்கவே வேண்டாம்.

விமானி எஞ்சினைச் சூடேற்றுவதை வெளியே நின்று பார்க்கலாம். அவர் காலடியில், பக்கவாட்டில் ஒரு சக்கரத்தை இரண்டு சுற்றுச் சுற்றுவது கண்ணாடிக்கு வெளியே தெரியாது. அந்த ஒரு பாடம்தான் விட்டுப்போயிருந்தது.

அவர் எஞ்சினைக் குறைத்து பிரேக் போட்டார். கரையோரத்தில், தண்ணீருக்கு முன்னால் விமானத்தைச் சுழற்றித் திருப்பினார். இதற்குள் தளத்தில் இருந்த சிப்பாய்கள் ஏதோ சரியில்லை என்று பார்த்து ஓடி வந்துகொண்டிருந்தார்கள். உள்ளே தோழர்களின் நிலையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். விமானி என்று சொன்னதை நம்பி வந்தார்கள். இப்போது விமானம் பறக்கவில்லை. ஏமாற்றிவிட்டான் என்று ஒருவர் துப்பாக்கிமுனைக் கத்தியை அவருடைய முதுகில் வைத்து அழுத்தினார். அதை நான் தவறாகவே நினைக்கவில்லை. முகாமில் வாழ்ந்தவர்களுக்கு நம்பிக்கை அவ்வளவு மெல்லிய நூலில்தான் தொங்கும்.

தெவ்யத்தாயெவ் ஓடிவந்த சிப்பாய்களை நோக்கியே விமானத்தை விட்டார். அவர்கள் சிதறினார்கள். மறுபடியும் முழு வேகம். இந்த முறை, தன்னால் தனியாக முடியாது என்பதைப் புரிந்துகொண்டு, சுக்கானைத் தள்ளச் சொல்லித் தோழர்களைக் கூப்பிட்டார். கிரிவனோகொவும் குத்தேர்கினும் அவரோடு சேர்ந்து மொத்த பலத்தையும் கொடுத்து முன்னால் அழுத்தினார்கள். வால் எழும்பியது. சக்கரங்கள் தரையை விட்டன.

விமானியின் பாடத்தில் இருந்த ஓட்டையை விமானமே ஓட்டத் தெரியாத இருவரின் கைகள் அடைத்த நிமிடம் அது.

வானில்

பிரச்சினை தரையோடு முடியவில்லை. மூக்கைத் தூக்கும் டிரிம் அப்படியே இருந்ததால், எழும்பிய விமானம் செங்குத்தாக ஏறப் பார்த்தது. அப்படியே விட்டால் வேகம் செத்து விழுந்துவிடும். மீண்டும் எல்லாருமாக முன்னால் அழுத்தினார்கள். விமானம் கடலை நோக்கிப் பாய்ந்தது. மகிழ்ச்சி தாங்காமல் தோழர்கள் உரத்துப் பாடத் தொடங்க, பாடும் வேகத்தில் சுக்கானிலிருந்து கையை எடுத்துவிட்டார்களாம். விமானம் மறுபடி ஆபத்தான நிலைக்குப் போயிற்று. ஒருவழியாக அந்தக் கைச்சக்கரத்தை அவர் கண்டுபிடித்துத் திருப்பிய பிறகுதான் ஹைன்கல் ஒருவர் கைக்கு அடங்கியது.

நேராகத் தென்கிழக்கே போகாமல் முதலில் கடல்மேல் வடக்கே போனார். துரத்தி வருபவர்கள் போர்முனையின் பக்கம்தான் தேடுவார்கள் என்பது அவர் கணக்கு. பேனமுண்டேயில் குழப்பம். தங்கள் சொந்த விமானம், தங்கள் சொந்த அடையாளக் குறியோடு, பட்டப்பகலில் போகிறது. குந்தர் ஹோபோம் என்ற விமானியைத் துரத்தச் சொல்லி அனுப்பினார்கள். திசை தெரியாமல் போனவர் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பினார்.

பிறகு திரும்பிக் கரையைப் பிடித்து, தென்கிழக்கே. போர்முனையைத் தாண்டியதைக் கீழிருந்து வந்த குண்டுகளே சொல்லின. சோவியத் பீரங்கிக்காரர்களுக்குத் தெரிந்ததெல்லாம் மேலே ஒரு ஜெர்மன் குண்டுவீச்சு விமானம். சரியாகவே சுட்டார்கள். எஞ்சின் தீப்பிடித்தது. தாழ்வாக வந்து, ஒரு வயல்வெளியில் சக்கரம் இல்லாமல் வயிற்றால் இறக்கினார். அது ஜெனரல் பாவெல் பெலோவின் 61ஆவது படை நின்ற பகுதி.

யார் பகுதி என்று நிச்சயம் தெரியாததால் காட்டுக்குள் போய் ஒளிய முயன்றார்கள். உடம்பில் தெம்பில்லை, பனியில் கால் வைக்க முடியாமல் விமானத்துக்கே திரும்பினார்கள். சிப்பாய்கள் வந்து ஜெர்மானியர்கள் என்று நினைத்துச் சரணடையச் சொல்லிக் கத்த, உள்ளேயிருந்து ரஷ்ய மொழியில் பதில் வந்தது. கோடுபோட்ட கந்தல் உடையில் எலும்புக்கூடுகளைப் போன்றவர்கள் இறங்கினார்கள். முதலில் கொண்டுபோனது சமையல்கூடத்துக்கு.

அதற்குப் பின்

இந்த நிகழ்வைச் சுற்றிக் காலப்போக்கில் நிறைய அலங்காரம் சேர்ந்துவிட்டது. ஹிட்லரின் கோபம், விமானத்துக்குள் இருந்த அதிரகசியக் கருவிகள் என்று போகும். அவற்றை நான் எடுத்துக்கொள்ளவில்லை. பேட்டரி வண்டியும் டிரிம் சக்கரமும் போதும்.

அதிகாரிகளாக இருந்த மூவர், தெவ்யத்தாயெவ், கிரிவனோகொவ், யெமெத்ஸ் ஆகியோர், விசாரணையில் வைக்கப்பட்டார்கள். போர் முடியும் வரை அவர்களுக்குப் பழைய பதவி உறுதியாகவில்லை. விசாரித்தவர்களின் கேள்வி ஊகிக்கக் கூடியதுதான்: ஒரு வதைமுகாம் கைதி, தெரியாத விமானத்தை, ஜெர்மானியர்கள் உதவாமல் எடுத்துவந்தேன் என்றால் எப்படி நம்புவது? அந்தச் சந்தேகம் என்னை மிகவும் வருத்துகிறது. அவர்கள் செய்தது நம்ப முடியாத அளவுக்குப் பெரியது என்பதே அவர்களுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

1945 செப்டம்பரில் தெவ்யத்தாயெவை மறுபடி பேனமுண்டேக்குக் கூட்டிப்போனார்கள். ராக்கெட் இடிபாடுகளை ஆராய வந்திருந்த சோவியத் பொறியாளர் ஒருவருக்கு அந்த இடத்தைச் சுற்றிக்காட்டினார். அந்தப் பொறியாளர் செர்கேய் கொரோலியோவ், பின்னாளில் உலகின் முதல் செயற்கைக்கோளை அனுப்பியவர். அவர் யாரென்று தெவ்யத்தாயெவுக்கு அப்போது தெரியாது.

கசானுக்குத் திரும்பியவருக்கு வேலை கிடைப்பதே கஷ்டமாக இருந்தது. கைதியாக இருந்தவன் என்ற சொல் எங்கே போனாலும் முன்னால் போய் நின்றது. முதலில் படித்த படிப்புதான் கைகொடுத்தது. ஆற்றுத் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பத்தாண்டுக்கு மேல் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. 1957இல் செய்தித்தாளில் இந்த நிகழ்வு வெளியானது. அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று சோவியத் யூனியனின் வீரர் என்ற பட்டம் வந்தது. அதற்குக் கொரோலியோவும் காரணம் என்று சொல்வார்கள். அதன் பிறகும் அவர் ஆற்றை விடவில்லை. தண்ணீருக்கு மேல் எழும்பி ஓடும் 'ரக்கேத்தா' வகைப் படகுகள் வோல்காவில் வந்தபோது அவற்றை ஓட்டிய முதல் கேப்டன்களில் அவரும் ஒருவர். தரையை விட்டு எழும்ப மறுத்த ஒன்றோடு போராடியவருக்கு, தண்ணீரை விட்டு எழும்பும் படகு கிடைத்ததில் எனக்கு ஒரு சந்தோஷம்.

2002இல், 84 வயதில், மறுபடி அந்தத் தீவுக்குப் போனார். அன்று அவரைத் துரத்தும்படி அனுப்பப்பட்ட குந்தர் ஹோபோமைச் சந்தித்தார். இரண்டு கிழவர்களும் கைகுலுக்கி, ஒன்றாக உட்கார்ந்து குடித்தார்கள். அதே ஆண்டு நவம்பர் 24 அன்று கசானில் காலமானார்.

மற்ற ஏழு பேரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அவர்கள் அதிகாரிகள் இல்லை, அதனால் நீண்ட விசாரணையும் இல்லை. கொஞ்சம் உடம்பு தேறியதும் மார்ச் கடைசியில் காலாட்படையில் சேர்த்து முனைக்கு அனுப்பினார்கள். சொக்கலோவும் உர்பனோவிச்சும் ஓடர் ஆற்றைக் கடக்கும்போது இறந்தார்கள். குத்தேர்கின், செர்துகோவ், நெம்சென்கோ மூவரும் பெர்லினுக்கான சண்டையில். ஒலெய்னிக் அதையும் தாண்டி, ஜப்பானோடு நடந்த போரில். பிப்ரவரி 8 அன்று வண்டியைத் தள்ளிய, உறையை அவிழ்த்த, சுக்கானை அழுத்திய கைகளில் ஆறு பேருடையவை அந்த ஆண்டிலேயே மண்ணுக்குள் போயின. ஏழு பேரில் ஃபியோதர் ஆதமோவ் ஒருவர்தான் ஊர் திரும்பினார். ரஸ்தோவ் பக்கத்தில் வண்டி ஓட்டுநராக வேலை பார்த்தார்.